மாரிக்கு முன் அம்மா அப்பாவுக்கு ஒரு டோர்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

மண்டூர் மகள் எழுதியது:

அம்மா அப்பாவுக்கு ஒரு டோர்ச் வாங்க வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் 2024 நவம்பர் வெள்ளத்தில் ஓர் இரவு பட்ட பாட்டுக்குப் பிறகு, கைக்கு அகப்பட்டதை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் மட்டக்களப்பு நகரில் வேலை பார்க்கிறேன். அவர்கள் இருவரும் மண்டூரில் தனியாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது, ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை செய்தவர். அம்மாவுக்குக் கைவிரல் மூட்டுகளில் வாதம். அன்றைக்கு மழை விடாமல் பெய்த மூன்றாம் நாள். விளக்கு வைக்கிற நேரத்திலேயே கரண்ட் போய்விட்டது. இரவு பத்து மணி போல் கொட்டிலில் ஆடுகள் கத்தத் தொடங்கின. தண்ணீர் ஏறுகிறது என்று அப்பாவுக்கு விளங்கிவிட்டது. சுவரில் ஆணியில் தொங்கிய டோர்ச்சை எடுத்து அமத்தினார். மின்மினி அளவுக்கு ஒரு வெளிச்சம் வந்தது, அடுத்த மூச்சுக்குள் அதுவும் நின்றுவிட்டது. சுவரில் நேராகச் சொருகி சார்ஜ் செய்கிற வகை அது. வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

அப்பா கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கயிறு அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனைப் பல்லில் கடித்துக்கொண்டாராம். மூன்றாவது ஆட்டை அவிழ்க்கும்போது அது முட்ட, போன் முழங்கால் தண்ணீரில் விழுந்தது. அம்மா குப்பி விளக்கை ஏற்றிக்கொண்டு திண்ணைக்கு வர, காற்று அதை அணைத்தது. மறுபடி ஏற்ற, மறுபடி அணைந்தது. மிச்ச ஆடுகளைக் கை தடவித்தான் அவிழ்த்திருக்கிறார். திரும்பி வரும்போது கிணற்றுக்கட்டில் அடிபட்டுக் கணுக்காலுக்கு மேலே தோல் கிழிந்துவிட்டது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நகரில் இருந்துகொண்டு விடியும்வரை அந்தப் போனுக்கு அழைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் போகவில்லை. அதற்கு மூன்றாம் நாள்தான் வாவியைக் கடக்கிற பாதைப் படகு ஓடியது, ஏறிப் போய் அவர்களைக் கண்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கடைகளில் பார்த்தால் ஒன்றில் 10,000 லூமன் என்று எழுதியிருக்கிறது, இன்னொன்றில் சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் என்று எழுதியிருக்கிறது. லூமன் என்றால் என்ன? சார்ஜ் செய்வதை வாங்குவதா, பற்றரி போடுவதா? அம்மாவின் விரலுக்கு இறப்பர் பொத்தான் அழுந்தாது. இதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


கிரான் வட்டைக்காரர் எழுதியது:

எனக்கு வயல் கிரானுக்கு மேற்கே. பெரும்போகத்தில் கதிர் பழுத்த நாளிலிருந்து வெட்டி முடியும்வரை பரணில்தான் படுக்கை. யானைக்கு நாங்கள் வைத்திருப்பது தூரம் அடிக்கிற டோர்ச். காட்டு ஓரத்தில் 200 மீற்றரில் நிற்கிற உருவத்தை முதலே கண்டால்தான் வெடி கொளுத்தவும் ஆளை எழுப்பவும் நேரம் கிடைக்கும். கிட்ட வந்துவிட்ட யானையின் முகத்தில் நாங்கள் வெளிச்சம் அடிப்பதில்லை.

அதைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டுக்கு அப்படி ஒன்றை வாங்கிவிடாதீர்கள். தூரம் அடிக்கிற வெளிச்சம் ஒரு தட்டளவு வட்டத்தில்தான் விழும். அந்த வட்டம் பளீர் என்று இருக்கும், அதற்கு வெளியே காலடியில் என்ன கிடக்கிறது என்றே தெரியாது. மழைக்குள் அடித்தால் இன்னும் மோசம். மழைத்துளிகளே வெள்ளைச் சேலை கட்டினதுபோல் முன்னால் நிற்கும். வீட்டுக்கு அகலமாகப் பரவுகிற வெளிச்சம்தான் வேண்டும். ஐயாவின் கால் சுகமா?


கல்முனை றேடியோக்கடை எழுதியது:

தங்கச்சி, உங்கள் தகப்பன் போனைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆட்டை அவிழ்த்தார் என்று வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கல்முனையில் 1994 முதல் றேடியோ திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் பிறந்தால் என் மேசைக்கு றேடியோவைவிட டோர்ச்தான் அதிகம் வரும். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய அதே சாதி.

அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், நான்கு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். மின்சாரத்தில் சொருகியிருக்கும்போது தொடவே கூடாது. உள்ளே தீப்பெட்டி அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்கும், 4 வோல்ட் என்று எழுதியிருக்கும். அது ஈயமும் அமிலமும் உள்ள பற்றரி, கார் பற்றரியின் குட்டி. இந்த வகைக்கு ஒரு குணம்: வெறுமையாக இருக்க விடக் கூடாது. சும்மா தொங்கினாலும் அதன் சார்ஜ் மாதாமாதம் கசியும், நம்முடைய வெக்கையில் இன்னும் வேகமாகக் கசியும். குறைந்த சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே தகட்டில் ஈயச் சல்பேற்று படிந்து கட்டியாகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சொருகினாலும் சிவப்பு லைட் எரியுமே தவிர, உள்ளே ஒன்றும் ஏறாது. உங்கள் தகப்பன் மேல் பிழை இல்லை. அவர் அதை ஆபத்துக்கென்று எடுத்து வைத்தார், அதுவோ தினமும் எடுத்துப் புழங்கினால் மட்டும் உயிரோடு இருக்கிற பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவரில் நேராகச் சொருகும் மலிவான டோர்ச்சுகளுக்குள் டிரான்ஸ்போமர் கிடையாது. 230 வோல்ட் ஒரு சின்னக் கப்பாசிட்டர் வழியாகத்தான் இறங்குகிறது. மூடி வெடித்து, ஈரக் கையோடு, சொருகியபடியே தொட்டால் அடிக்கும். வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்து போனால் அந்த வகையை உள்ளேயே எடுக்காதீர்கள்.

இனி லூமன். டோர்ச்சிலிருந்து எல்லாப் பக்கமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வெளியே வருகிறது என்பதுதான் லூமன். முன்பு வீட்டில் எரித்தோமே 60 வாட் குண்டு பல்ப், அது ஏறக்குறைய 700 லூமன் தரும். அப்படியென்றால் 10,000 லூமன் என்பது அந்தப் பல்ப் பதின்நான்கை ஒரு கைப்பிடிக்குள் எரிப்பது. நல்ல எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்கு 120 லூமன் தருகிறது என்று வைத்தாலும் 80 வாட்டுக்கு மேல் வேண்டும். உள்ளே இருக்கிற ஒற்றை லிதியம் பற்றரி முழுச் சார்ஜில் 11 வாட் மணிதான் தாங்கும், அதாவது 11 வாட்டை ஒரு மணி நேரம். கணக்குப் போட்டால் பத்து நிமிடம்கூட எரியாது, கையில் பிடிக்கவும் முடியாத சூடு வரும். ஆக, அந்த எண் அட்டைப்பெட்டிக்காக எழுதப்பட்ட எண். அதை எழுதியவர் மற்றதையும் அப்படித்தான் செய்திருப்பார் என்று எடுத்துக்கொண்டு அந்தக் கடையின் அடுத்த தட்டுக்குப் போங்கள்.

நேர்மையான பெட்டியில் எஃப்.எல்.1 என்று ஒரு தரக் குறியீடு இருக்கும். அமெரிக்காவில் வகுத்த அளவுமுறை அது. அதன்படி அளந்த தூரம் என்றால், வெட்டவெளியில் முழுநிலா வெளிச்சம் அளவுக்கு, அதாவது கால் லக்ஸுக்கு, வெளிச்சம் குறைகிற இடம்வரை. எரியும் நேரம் என்றால், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை. இந்த இரண்டாவதைக் கவனியுங்கள். 8 மணி நேரம் என்று எழுதியிருந்தால் எட்டு மணி நேரமும் ஒரே பிரகாசம் என்று அர்த்தம் இல்லை.

வீட்டுக்குள் நடக்க 20 லூமன் தாராளம். கிணற்றடிக்கும் கொட்டிலுக்கும் 100, 150 போதும். பெரிய எண்ணைவிட, வெளிச்சத்தைக் குறைத்து வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பென்டோர்ச் (ஏ.ஏ.) பற்றரி போட்டுக் குறைத்து எரித்தால் இரண்டு மூன்று இரவு ஓடும். கூட்டி எரித்தால் ஓரிரு மணி நேரம்.

எந்தப் பற்றரி என்று கேட்டீர்கள். நான் ஆட்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: பாதை ஓடாத மூன்றாம் நாள், உங்கள் ஊர்ச் சில்லறைக் கடையில் எந்தப் பற்றரி இருக்கும்? அதைப் போடுகிற டோர்ச்சை வாங்குங்கள். மண்டூரில் எந்தக் கடையிலும் பென்டோர்ச் பற்றரி இருக்கும், பெரிய டோர்ச் பற்றரி இருக்கும். சூரிய ஒளி வகை நல்லதுதான், ஆனால் நமக்கு டோர்ச் தேவைப்படுகிற கிழமையில் சூரியனைக் காண்கிறோமா? மார்கழி மழையில் நான்கு நாள் முற்றத்தில் வைத்தாலும் அது அரைவாசிகூட நிரம்பாது.

ஏன் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றும் சொல்கிறேன். 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் எனக்கு 12 வயது. கூரை போனது, பிறகு ஒரு பக்கச் சுவர் போனது. உம்மா எங்களை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருத்தி மேலே பாயைப் போட்டார். அரிக்கன் லாம்பு முதல் காற்றிலேயே அணைந்துவிட்டது. வாப்பாவிடம் இரண்டு பற்றரி போடுகிற வெள்ளித் தகட்டு டோர்ச் ஒன்று இருந்தது. அதை அவர் எரியவிட்டு வைக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பாயைத் தூக்கி, டோர்ச்சைப் போட்டு, எங்கள் தலைகளை எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எண்ணி முடிந்ததும் அணைத்துவிடுவார். அந்தச் சுவிட்ச் 'டக்' என்று தள்ளப்படுகிற சத்தத்துக்காக நாங்கள் காத்துக்கொண்டிருப்போம். விடியும்வரை அந்தப் பற்றரி தாங்கியது. அந்த டோர்ச் இப்போதும் என் கடையில் இருக்கிறது, சுவிட்ச் இப்போதும் வேலை செய்கிறது.

அதனால் கடையில் நான் முதலில் பார்ப்பது சுவிட்சைத்தான். உங்கள் அம்மாவுக்கு அமத்துகிற பொத்தான் வேண்டாம், பெருவிரலால் தள்ளுகிற சுவிட்ச் உள்ளதை எடுங்கள். முடிந்தால் அவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். கண்ணை மூடச் சொல்லி, டோர்ச்சைக் கையில் கொடுத்து, போட்டு அணைக்கச் சொல்லுங்கள். மூன்று தரமும் தடுமாறாமல் செய்தால் அது அவருக்குரியது. எரியும்போது நன்றாகக் குலுக்கிப் பாருங்கள், ஒருமுறை மினுங்கி அணைந்தாலும் திருப்பிக் கொடுங்கள். பின்மூடியைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங் தடிப்பாக இருக்கிறதா, மரையில் இறப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தாங்குவதற்கும் ஒரு குறியீடு உண்டு: ஐ.பி.எக்ஸ்.4 என்றால் மழைத்துளியைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. வாவிக்கு மேற்குப் பக்கமான உங்கள் படுவான்கரைக்கு 7 எடுங்கள்.


மண்டூர் மகள் எழுதியது:

காக்கா, உங்கள் வாப்பா தலை எண்ணியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவும் 1978 இல் சிறுபிள்ளை. மண்டூரில் அன்றைக்கு விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நேற்று அந்த டோர்ச்சைக் கழற்றினேன். நீங்கள் சொன்னபடியே சாம்பல் நிறப் பெட்டி, 4 வோல்ட். ஒரு பக்கம் வீங்கி, சுவரில் ஈரம் ஊறினதுபோல் மூலை பிதுங்கியிருந்தது. அதிலிருந்து போகிற சிவப்பு வயரின் நுனியில் பச்சைக் களிம்பு. தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. இவ்வளவையும் மறைத்துக்கொண்டு வெளியே புதிது போலவே இருந்திருக்கிறது.

கிரான் அண்ணன், அப்பாவின் கால் ஆறிவிட்டது. கேட்டதற்கு நன்றி.


அக்கரைப்பற்று 18650 எழுதியது:

காக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன், கோபிக்க வேண்டாம். சார்ஜ் செய்கிற டோர்ச் என்றாலே கூடாது என்று ஆகிவிடக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததே, அப்போது எங்கள் பக்கக் கடைகளில் பற்றரி இருக்கவும் இல்லை, இருந்த இடத்தில் வாங்க விலையும் விடவில்லை. என்னிடம் இருந்த லிதியம் டோர்ச்சைக் கரண்ட் வந்த நேரமெல்லாம் சார்ஜில் போட்டு, தங்கச்சி அதில்தான் படித்தாள். மேலே தூக்கி சீலிங்கில் வெளிச்சம் படும்படி நிறுத்தினால் அறை முழுவதும் மெல்லிய வெளிச்சம் பரவும், கண்ணும் கூசாது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுவதும் கரண்ட் போன நாளிலும் அதுதான் கைகொடுத்தது.

வாங்கும்போது, உள்ளே இருக்கும் லிதியம் பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக எடுக்க வேண்டும். அதற்கு 18650 என்று பெயர், 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம். நல்ல பற்றரியில் 2,500 முதல் 3,500 மில்லி அம்பியர் மணி இருக்கும். 9,900 என்று எழுதியிருந்தால் பொய். கையில் நிறுத்துப் பார்த்தாலே தெரியும், உண்மையானது 45 கிராமுக்குக் கிட்ட வரும். போலி இலேசாக இருக்கும். தொலைபேசிக்குப் போடும் டைப்-சி வயரிலேயே சார்ஜ் ஆகிற டோர்ச்சாக இருந்தால் இன்னும் நல்லது, பவர் பேங்கில் இருந்தும் ஏற்றலாம்.


வவுணதீவு மருத்துவமாது எழுதியது:

தலையில் கட்டுகிற டோர்ச்சைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! ஐயா போனைப் பல்லில் கடித்ததற்குக் காரணமே கை இரண்டும் வேலையில் இருந்ததுதான். கயிறு அவிழ்க்க, பிள்ளையைத் தூக்க, காயம் கட்ட, எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும். 16 வருடமாக வீடு வீடாகப் போகிறேன், என் பையில் மருந்துக்கு முன் இருப்பது அதுதான். ஒன்று மட்டும்: எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசும்போது அதைக் கீழே சரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நோவில் கிடக்கிற தாயின் கண்ணில் நேரே அடிக்கும்.

நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் இரத்தமும் சேறும் ஒரே கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த வெளிச்சமாக எடுங்கள். காயத்தின் நிறமும், பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும்.

வெள்ளக் காலத்தில் பாம்பும் மேட்டைத் தேடி வீட்டுக்குத்தான் வரும். திண்ணையிலிருந்து கால் இறக்குவதற்கு முன், முதலில் படிக்கட்டில் வெளிச்சம், பிறகு கால். கடித்துவிட்டால் கட்டவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அம்புலன்ஸுக்கு 1990. அந்த அழைப்பை எடுக்கப் போனில் சார்ஜ் இருக்க வேண்டும் என்பதற்காகவே வீட்டில் தனியாக டோர்ச் வேண்டும் என்கிறேன்.


கல்முனை றேடியோக்கடை எழுதியது:

தம்பி சொன்னது சரி. 2022 ஐ நான் கணக்கில் எடுக்கவில்லை. என் கடையிலேயே அப்போது பற்றரி இல்லை என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன். அப்படியென்றால் இப்படிச் செய்யுங்கள் தங்கச்சி: தினமும் புழங்க லிதியம் ஒன்று, ஆபத்துக்கென்று கதவு நிலையில் பற்றரி போடுவது ஒன்று. லிதியத்தை முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம், வெறுமையாகவும் வைக்க வேண்டாம். வெயிலில் நிற்கிற மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒருபோதும் வேண்டாம். பற்றரி டோர்ச்சைத் தலையில் கட்டும் வகையாகவே எடுத்தால் மருத்துவமாது அம்மா சொன்னதும் நிறைவேறும். ஆனால் அம்மாவுக்குக் கைப்பிடி டோர்ச் தனியாக இருக்கட்டும்.

நான் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பற்றரி டோர்ச்சுக்கு எமன், உள்ளே கசிகிற பற்றரி. மலிவான பற்றரியின் வெளிக்கூடே துத்தநாகம். அது வேலை செய்யச் செய்யக் கூடு கரைந்து மெலியும், பிறகு பொத்துக்கொண்டு வழியும். ஒரு மாரி முழுக்க மறந்து விட்டுவிட்டால் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். அல்கலைன் பற்றரி எடுங்கள், அதுவும் கசியாது என்று இல்லை, ஆனால் பிந்தித்தான் கசியும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். பலம் குறைந்ததை மற்றது தள்ளித் தள்ளி அதுதான் முதலில் கசியும். கசிந்துவிட்டால் அல்கலைனின் வெள்ளைத் தூளுக்கு எலுமிச்சம்புளி நனைத்த பஞ்சு, மலிவான பற்றரியின் பழுப்புப் பிசினுக்கு அப்பச்சோடாக் கரைசல். துடைத்து, காயவைத்து, தகட்டைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்தால் மினுங்கும். வாவிக் காற்றில் உப்பு இருக்கிறது, கசியாவிட்டாலும் வருடத்துக்கு ஒருதரம் இப்படித் தேய்க்க வேண்டும்.

மாதத்தில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஒவ்வொரு மாதமும் கரண்ட் பில் வருகிற அன்று வீட்டு டோர்ச்சுகளைப் போட்டுப் பார்ப்பார்.


மண்டூர் மகள் எழுதியது:

வாங்கிவிட்டேன். சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு காத்தான்குடிக் கடைத்தெருவுக்குப் போனோம். நான்கு கடை ஏறி இறங்கினோம். இரண்டாவது கடையில் ஒன்று எனக்குப் பிடித்தது, அலுமினிய உடம்பு, அழகானது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தேடினார், கிடைத்தது, அமத்த முடியவில்லை. இரண்டு கைப் பெருவிரலையும் சேர்த்து அமத்திப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை வைத்துவிட்டேன். நான்காவது கடையில் மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒன்று, இரண்டு பெரிய பற்றரி, தள்ளுகிற சுவிட்ச். கண்ணை மூடியபடி கையில் வாங்கியதும் எரிந்தது. அணைத்தார். மறுபடி போட்டார். கடைக்காரர் பொறுமையாக நின்றார். அதில் ஐ.பி.எக்ஸ். எதுவும் எழுதியிருக்கவில்லை, ஆனால் அம்மா அதைக் கீழே வைக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. கைத்துணி அளவான பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிட்டேன், பைக்கு மேலாலேயே சுவிட்சைத் தள்ள முடிகிறது.

அப்பாவுக்குத் தலையில் கட்டுவது, மூன்று ரிமோட் (ஏ.ஏ.ஏ.) பற்றரி, ஐ.பி.எக்ஸ்.7, வெளிச்சம் மூன்று அளவு, சற்று மஞ்சள். அன்றிரவே கட்டிக்கொண்டு ஆட்டுக்கொட்டிலுக்குப் போனார். கயிறு அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நேரம் கழித்துக் கிடைத்தாலும் நல்ல சாமான்" என்றார். தம்பி சொன்ன லிதியம் டோர்ச்சை நான் எனக்கு வாங்கியிருக்கிறேன், அது நகரில் என்னோடு இருக்கும்.

அம்மாவின் டோர்ச்சின் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, வாசல் நிலையில், அவர் கை எட்டுகிற உயரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறது. பழைய ஆணி மிக உயரத்தில் இருந்தது, அதைப் பிடுங்கிவிட்டேன். மாற்றுப் பற்றரி சாமி அறையில், மூடியுள்ள பால்மாத் தகரத்துக்குள். மாதாமாதம் பூரணைக்கு முதல் நாள் போட்டுப் பார்ப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார், நான் போன் எடுத்துக் கேட்பேன்.

இன்னும் ஒரு கேள்வி. அந்தப் பழைய டோர்ச்சின் வீங்கிய பற்றரியை என்ன செய்வது? அப்பா பின்வளவில் புதைக்கலாம் என்கிறார். கிணறு அங்கேதான் இருக்கிறது.


கல்முனை றேடியோக்கடை எழுதியது:

புதைக்க வேண்டாம். ஈயமும் அமிலமும் கிணற்றுக்கு இறங்கும். எரிக்கவும் வேண்டாம், வாவியில் எறியவும் வேண்டாம். வெறுங்கையால் தொடாமல் தடித்த பொலித்தீன் பையில் கட்டி, பழைய வாகனப் பற்றரி எடுக்கிற கடையில் கொடுங்கள், ஈயத்துக்காக எடுத்துக்கொள்வார்கள். நகரில் அப்படி யாரும் எடுக்காவிட்டால், கல்முனைப் பக்கம் வரும்போது என்னிடம் தாருங்கள். மற்றவற்றோடு சேர்த்து நான் அனுப்பிவிடுகிறேன்.